திருப்பிக் கொடுக்க முடியாத சாவி

பூட்டுப் பெட்டி ஃப்ரிட்ஜின் தலைமேல் ஏறி உட்கார்ந்து அந்த வீட்டின் நான்காவது ஆளாகிவிட்டது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசாமலும் இருக்கவில்லை.

வாங்கி வந்தவள் மகள். சொந்தபந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'பட்டதாரி' என்றே கூப்பிட ஆரம்பித்தார். பாதி பெருமை, பாதி நக்கல். எந்த நேரத்தில் எந்தப் பாதி என்பது வீட்டில் அப்போது நடக்கும் சண்டையைப் பொறுத்தது. பட்டதாரிக்கு வேலை நம்பர் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே நுழைய முடியாமல் வாசலில் நின்று கத்துகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். "பதறாதீங்க சார், பேட்டரி இறங்கியிருக்கும்" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்தக் குடும்பம் இப்போதுதான் வாடகை வீட்டை விட்டு, ஊரின் மறுகோடியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாங்கிக் குடிவந்திருந்தது. அறை வாங்கினோம் என்று பட்டதாரி சொல்ல மாட்டாள். கதவு வாங்கினோம் என்பாள். அறையை எவனும் வாடகைக்குத் தருவான். இனி யாரும் வந்து தட்டி 'எப்ப காலி பண்றீங்க' என்று கேட்க முடியாத கதவு கிடைப்பதுதான் கஷ்டம் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்ட கதவுக்கு உள்ளதிலேயே நல்ல பூட்டாகப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா வேண்டாம் என்று இன்னொரு ஒற்றைக் காலில் நின்றாள்.

"சாவின்னா தொலையும்மா. போன வாரம் அப்பா வேன்லயே விட்டுட்டு வந்து மாடிப்படில உக்காந்திருந்தாரே, மறந்துட்டியா? நம்பர் தொலையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். தொலையாது."

"அப்புறம் என்ன?"

"போகவே போகாத ஒண்ணை மண்டைக்குள்ள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அப்பா, காலை நீட்டிப் படுத்தபடி இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றினார். "சாவி தொலைஞ்சா பூட்டுக்காரன்கிட்ட போவேன். நம்பர் மறந்தா எவன்கிட்ட போறது?"

"என்கிட்ட வாங்க. அதுக்குத்தான எனக்குச் சம்பளம் தர்றாங்க."

"உங்க லைனே கெடைக்க மாட்டேங்குதாமே. பாட்டுப் போட்டே ஆளைக் கொல்றீங்களாம். எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சொன்னாரு."

பட்டதாரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து நிற்கும். நியாயத்தை அடுக்குவாள். யார் எப்போது வந்தார்கள் என்று பூட்டே சொல்லும். விருந்தாளி வந்தால் அன்றைக்கு மட்டும் வேலை செய்கிற நம்பர் கொடுக்கலாம். மிதியடிக்குக் கீழே சாவியை ஒளித்துவைத்துவிட்டு அது திருடனுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் பூட்டு கெட்டிக்காரப் பூட்டுதான், நான் இல்லைன்னு சொல்லல" என்று எழுந்து போய்விடுவாள். பிடி கொடுக்காத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? ஹெட்போனில் கத்துகிறவர்களே தேவலை என்று இருந்தது மகளுக்கு.

அம்மா வீடுகளில் சுத்தம் செய்கிறவள். பட்டதாரியின் புத்தகத்துக்கும் செருப்புக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் அந்தத் துடைப்பம்தான் வழி. வேலைக்குப் போன வீட்டுச் சாவிகளெல்லாம் ஒரே வளையத்தில், எது எந்த வீடு என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் சுற்றி, அவள் இடுப்பில் கிடக்கும். ஆட்கள் இல்லாத வீட்டைத் திறந்து வேலை முடித்துப் பூட்டிவிட்டு வருவாள். கையில் சாவி இருந்தாலும் முதலில் மணி அடிப்பாள். கொஞ்சம் நிற்பாள். பிறகுதான் திறப்பாள். "உள்ள யாரு எப்படி இருக்காங்களோ" என்பாள்.

வேலையை விடும்போது அவளுக்கு ஒரு முறை உண்டு. சாவியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நூலை அவிழ்த்துவிட்டு, அந்த வீட்டம்மாவின் உள்ளங்கையில் வைப்பாள். மேசைமேல் வைத்துவிட்டு வர மாட்டாள். "ஒரு தடவை பூட்டித் திறந்து பாத்துருங்க" என்பாள். அவர்கள் பூட்டித் திறந்து பார்க்கும்வரை பக்கத்தில் நிற்பாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு சுமையும் கிடையாது. அவளோடு வேலை பார்த்த ஒருத்தி அவசரத்தில் சாவியை ஷூ அலமாரிமேல் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டில் ஏதோ ஒரு பொருள் தென்படவில்லை. யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. 'சாவி எப்ப வந்துச்சுன்னே தெரியல' என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தெருவில் அவள் பிழைப்பு அதோடு முடிந்தது.

புது வீடு தூரமாகிவிட்டதால் அம்மா பழைய வீடுகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தாள். வரும் திங்கட்கிழமையிலிருந்து பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் மேற்பார்வை வேலை. தலைக்குத் தொப்பியெல்லாம் தருவார்களாம். மற்ற வீட்டுச் சாவிகளைக் கழுவிக் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக இருந்தது பேராசிரியை வீடு.

அந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டிய சாயங்காலம், அம்மா வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, விட மாட்டேன்னுட்டாங்களா?" என்றாள் பட்டதாரி. கேட்கும்போதே சண்டைக்கு அரைக்கால் எடுத்து வைத்தாகிவிட்டது.

"அவங்க விட்டுட்டாங்க. நல்லபடியா வாழ்த்தித்தான் அனுப்பினாங்க. எனக்குத்தான் வெளிய வந்த மாதிரி இல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"அங்க நம்பர் பூட்டுதான? கையில எடுத்துக் குடுக்க ஒண்ணுமில்ல. 'மேடம், என் நம்பரை எடுத்துருங்க'ன்னேன். 'இருக்கட்டும்க்கா, என்ன இப்போ, என்னைக்காவது அவசரத்துக்கு வருவீங்கல்ல'ன்னு சிரிக்கறாங்க. திரும்பவும் கேட்டேன். அந்தப் பூட்டு அவங்க பையன் ஃபோன்லதான் இருக்காம். அவன் வேற நாட்டுல. 'பேசும்போது சொல்றேன்'னாங்க." அம்மா கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். "சாவின்னா குடுத்துட்டு வந்திருப்பேன். இது என் மண்டைல இருக்கு. மறக்கலாம்னு பாத்தா, மறக்கணும்னு நெனைக்க நெனைக்க நல்லா ஞாபகம் வருது. நாளைக்கு அந்த வீட்டுல ஒரு ஸ்பூன் காணாமப் போனாலும், நம்பர் தெரிஞ்சவங்க யாரு யாருன்னு விரலை மடக்குவாங்க. அதுல ஒரு விரல் நான். இத்தனை வருஷம் ஒரு வீட்டுலயும் அந்த விரலா நான் இருந்ததில்லடி. திங்கக்கெழம புது எடத்துக்குப் போறேன். என் பேரை அங்க விட்டுட்டு எப்படிப் போறது?"

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பட்டதாரி ஃப்ரிட்ஜின் மேலே பார்த்தாள். இத்தனை நாள் ஹெட்போனில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். உள்ளே போக முடியவில்லை என்று அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, பூட்டை உடைக்கப் போகிறேன் என்று மிரட்டியவர்கள் உண்டு. என் நம்பரை எடுத்துவிடுங்கள், இனி என்னால் உள்ளே போக முடியக் கூடாது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? அப்படிக் கேட்க வேண்டியவர்களுக்கு அந்த அழைப்பு எண்ணே போய்ச் சேருவதில்லை. பூட்டு வாங்கியவனுக்குத்தான் உதவி மையம். பூட்டைத் திறந்து தரை துடைக்கிறவளுக்கு என்ன இருக்கிறது? நல்லவள் என்று ஒரு பேர் இருக்கிறது. அதையும் பூட்டு எடுத்து வைத்துக்கொண்டது. இதைத்தான் அம்மா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் காதில்தான் ஹெட்போன் மாட்டியிருந்தது என்று அவளுக்கு உறைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. தன்மேல் வந்த கோபத்தை வெளியே திருப்பிவிடுவதில் அவள் கைதேர்ந்தவள்.

"சனிக்கிழமை எனக்கு லீவு. ரெண்டு பேரும் போறோம்."

"நீ வராத. நீ வந்தா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட."

"சும்மா இருக்கவா வர்றேன்?"

பேராசிரியையின் வீடு தெருவின் நல்ல பக்கத்தில் இருந்தது. மரம் உள்ள பக்கம். கதவில் கறுப்புக் கண்ணாடி மாதிரி அந்தப் பூட்டு. பட்டதாரி பார்த்தவுடன் அது எந்த வருடத்து மாடல் என்று சொல்லிவிடுவாள். அம்மா மணி அடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பேராசிரியை கெட்டவள் இல்லை. அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நல்ல நாள் பார்த்து நல்ல துணி எடுத்துக் கொடுப்பாள், பட்டதாரியின் பரீட்சை மதிப்பெண்ணை விசாரிப்பாள். கெட்டவர்களோடு சண்டை போடுவது சுலபம். இவளோடு போடுவதற்குத்தான் பட்டதாரி பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. அடடே, பொண்ணும் வந்திருக்கா. என்ன விசேஷம்?"

"அந்த நம்பர் விஷயம்தான் மேடம்," என்றாள் அம்மா.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? என்னக்கா நீங்க, உங்களை நாங்க சந்தேகப்படுவோமா? நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரி."

பட்டதாரிக்கு அந்த 'மாதிரி'யின் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். வீட்டு ஆளுக்கும் வீட்டு ஆள் மாதிரிக்கும் நடுவில் தனியாக ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நீங்க சந்தேகப்பட மாட்டீங்க மேடம். சந்தேகப்பட நான் எடம் வச்சதில்ல. போகும்போதும் வைக்காம போறேன், அவ்வளவுதான்."

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள். "பையன் இப்போ பிஸியா இருப்பானே. நாளைக்கு..."

"கூப்பிடுங்க," என்றாள் பட்டதாரி. "சனிக்கிழமைதான். அவர் எடுக்கலன்னா எடுக்கற வரைக்கும் உக்காந்திருக்கோம். எனக்கு வேற வேலை இல்ல."

"அவ பேசறதைக் கண்டுக்காதீங்க மேடம்," என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் போய் சோஃபாவில் உட்கார்ந்தாள். அந்தச் சோஃபாவை எத்தனையோ வருடம் தட்டியிருக்கிறாள், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பேராசிரியை அதைப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

மகன் திரையில் வந்தான். தாடி வைத்த முகம், கையில் காஃபி. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "இதுக்கா? அங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது."

"ஆகும் ஆகாதுன்னு கேக்க வரல சார்," என்று பட்டதாரி திரைக்குள் முகத்தை நீட்டினாள். "நான் இந்தப் பூட்டுக் கம்பெனிலதான் வேலை பாக்கறேன். செட்டிங்ஸ் போங்க. யூசர்ஸ்னு ஒண்ணு இருக்கும். உங்க ஸ்கிரீனை எங்களுக்குக் காட்டுங்க."

வேறு வழி தெரியாமல் காட்டினான். பேராசிரியையின் ஃபோனில் அந்தப் பட்டியல் வந்தது. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அங்கிள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'மெய்ட் ஒன்று', 'மெய்ட் இரண்டு'.

"இதுல எங்கம்மா யாரு?"

அவன் காஃபியைக் கீழே வைத்தான். "மெய்ட் டூ. அது சும்மா அடையாளத்துக்குப் போட்டது."

"அடையாளத்துக்குத்தான பேர்னு ஒண்ணு வைக்கறாங்க."

பேராசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் இதைப் பாக்கவே இல்லம்மா. இவன்தான் அவசரத்துல..." என்றாள். அவள் பார்க்கவில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். பார்க்காமல் இருக்க முடிந்ததுதான் பட்டதாரிக்கு ஆத்திரம்.

"சரி, டெலீட் பண்ணிடறேன்," என்றான் மகன் அவசரமாக.

"இருங்க. முதல்ல பேரை மாத்துங்க. அப்புறம் டெலீட் பண்ணுங்க."

"டெலீட் பண்ணப் போறதுக்கு எதுக்குப் பேரு?"

"வேலையை விட்டுட்டுப் போறது எங்கம்மா. மெய்ட் டூ இல்ல."

"விடுடி," என்று அம்மா அவள் கையைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். ஆனால் பட்டதாரி இனிஷியலிலிருந்து ஆரம்பித்து எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கியதும் கிள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. ஓர் எழுத்தை அவன் தப்பாகப் போட்டான். "அது இல்ல, அதுக்கு முந்தின எழுத்து," என்று திருத்தியது அம்மா. ஆங்கிலத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதில் அவளை ஏமாற்ற முடியாது.

பெயர் முழுதாக வந்து திரையில் நின்றது. அம்மா ஃபோனைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ம். இப்ப எடுங்க தம்பி."

நிச்சயமாக நீக்கவா என்று பூட்டு கேட்டது. அவன் ஆம் என்றான். வரி மறைந்தது.

"நான் ரெண்டுன்னா, மேல ஒண்ணு இருக்குமே, அது யாரு?" என்றாள் அம்மா.

பேராசிரியை குனிந்து பார்த்தாள். "முன்னாடி சமையலுக்கு வந்தவங்க. அவங்க போயி ரொம்ப நாளாச்சே. இன்னுமா இருக்கு?"

"அதையும் எடுத்துருங்க. அவ எந்த ஊருல என்ன பண்றாளோ. அவளுக்குத் தெரியாமயே அவ இங்க நின்னுக்கிட்டு இருக்கா, பாவம்."

இந்தத் தடவை மகன் எதற்கு என்று கேட்கவில்லை. தானாகவே, "அவங்க பேரு என்னம்மா?" என்று பேராசிரியையிடம் கேட்டான். பேராசிரியைக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயரையும் எழுதிவிட்டுத்தான் எடுத்தான்.

பட்டதாரி வேலை முடிந்தது என்று எழுந்தாள். அம்மா முடிக்கவில்லை. "மேடம், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. நீங்க பாக்கணும்."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் பூட்டு தானாக மூடிக்கொண்டது. அம்மா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பழக்கம் விடுமா? உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும் மணி அடித்தாள், கொஞ்சம் நின்றாள். பிறகு நம்பரை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு. கரகரவென்று ஒரு சத்தம்.

அம்மா நம்பவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. "தெறக்கல," என்றாள். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பட்டதாரி பார்த்தாள். கல்லூரிப் பலகையில் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டிய அன்று தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். உலகத்தில் ஒரு கதவு தனக்குத் திறக்காததற்கு இப்படிச் சிரிக்கிற மனுஷி வேறு எங்கே இருப்பாள்? கதவு திறக்கவில்லை என்று தன்னிடம் கத்துகிற அத்தனை பேரையும் கூட்டிவந்து இந்தச் சிரிப்பைக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

"நீங்க பாத்தீங்கல்ல மேடம்?"

"பாத்தேன்," என்றாள் பேராசிரியை.

"தெறக்கலல்ல?"

"தெறக்கலக்கா."

அம்மா மூன்றாவது முறைக்கு விரலை நீட்டினாள். பட்டதாரி பாய்ந்து பிடித்தாள். "போதும்மா. இன்னொரு தடவை அமுக்கினா ஊரைக் கூட்டற மாதிரி கத்தும்."

"கத்தட்டுமே. எல்லாருக்கும் தெரியட்டும்."

பேராசிரியையே சிரித்துவிட்டாள். தன் விரலை வைத்துக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, ஒரு வாய் டீ சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். அந்த அழைப்பில் வழக்கமான சரளம் இல்லை. கொஞ்சம் தடுமாறினாள். பட்டதாரிக்கு அந்தத் தடுமாற்றம் பிடித்திருந்தது.

"இன்னொரு நாள் வர்றேன் மேடம். ஃபோன் பண்ணிட்டு வர்றேன்," என்றாள் அம்மா. வேலைக்காரி சொல்கிற பேச்சு இல்லை அது. வேறு தெருவில் வீடு உள்ள ஒருத்தி சொல்கிற பேச்சு.

தெருவில் அம்மா நடந்த வேகத்துக்கு மகள் ஓட வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்த பிறகு பட்டதாரி மெதுவாக ஆரம்பித்தாள். "நீ சொன்னதுதான் சரிம்மா. அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துடறேன். நம்ம வீட்டுக்குச் சாவியே இருக்கட்டும்."

"ஏன்?"

"நீதான வேணாம்னு ஒத்தக்கால்ல நின்ன?"

"எடுத்தாச்சுன்னு கண்ணால பாக்க வழி இருக்குன்னு உன் வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லியிருக்கியாடி? பேட்டரி பேட்டரின்னுதான் பேசின." அம்மா டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பூட்டுல அந்த லிஸ்ட் யாரு ஃபோன்ல இருக்கும்?"

"யாரு ஃபோன்ல வேணாலும் வைக்கலாம்."

"என் ஃபோன்ல வை. யாரு வரணும், யாரு போகணும்னு நான் பாத்துக்கறேன். உங்கப்பாவுக்கு நம்பர் குடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கணும். வேன்ல எழுதி ஒட்டி வச்சாலும் வைப்பாரு மனுஷன்."

"அப்போ அவரு எப்படி உள்ள வருவாரு?"

"மணி அடிக்கட்டும். இத்தனை வருஷம் நான் அடிக்கலையா?"

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பட்டதாரி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் வேறு வேலையில் இருந்தாள். முன் இருக்கையின் கம்பியில் ஒரு விரலால் தட்டுவதும், யோசிப்பதும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி வேறு மாதிரி தட்டுவதுமாக இருந்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"என்னம்மா பண்ற?"

"நம்பர் தேடறேன். இதுவரைக்கும் அவங்கவங்க சொன்ன நம்பரைத்தான் அமுக்கியிருக்கேன்."

நிறுத்தம் வருவதற்குள் ஒன்று பிடித்துப்போனது போலிருந்தது. அதையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன நம்பர்? சொல்லு, இப்பவே குறிச்சுக்கறேன்."

"உனக்கு எதுக்கு அது?" என்றாள் அம்மா. "உனக்குன்னு ஒண்ணு நீ வச்சுக்கோ."